இதயம் எப்போது தறிகெட்டு ஓடுகிறது?

கையில் கட்டிய வாட்ச் 140 என்று காட்டுகிறது. பயப்பட வேண்டுமா, பேசாமல் விட்டுவிடலாமா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் பதில் சொல்ல முடியாது. நான்கு மாடி ஏறி வந்தவருக்கு 140 என்றால் அவருடைய இதயம் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். காய்ச்சலில் கிடப்பவருக்கு 120 வந்தாலும் அப்படித்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து தேறிய ஒருவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று துடிப்பு 160க்குத் தாவுகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, சட்டை வியர்வையில் நனைகிறது. அவருக்கு உடனே ஆம்புலன்ஸ் வேண்டும். மாடி ஏறியவருக்கும் இவருக்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை.

வேகம் எவ்வளவு என்பதைவிட, அது இதயத்தின் எந்த இடத்தில் பிறக்கிறது, எப்படிப்பட்ட இதயத்தில் பிறக்கிறது என்பதில்தான் ஆபத்து அதிகம். இது பிடிபட்டுவிட்டால், ஆபத்துக் காரணிகள் என்று நீளும் பட்டியல் தானாகவே ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும்.

நடுவில் ஒரு வாசல்

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறைகள் ரத்தத்தை வாங்கிக் கீழே தள்ளுகின்றன. நுரையீரலுக்கும் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அடித்து அனுப்பும் பாரமான வேலை கீழறைகளுடையது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சிறு மின் அலை கிளம்புகிறது. கிளம்பும் இடம் வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 அலைகள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம்.

அந்த அலை மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஏ.வி. கணு என்ற வாசலுக்கு வந்து சேர்கிறது. அங்கே சுமார் பத்தில் ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் கீழறைகளுக்குள் இறங்கும். மேலறை தன்னிடமுள்ள ரத்தத்தைக் கீழே கொட்டி முடிக்க அந்த அவகாசம் தேவை. இந்த வாசல் இன்னொரு வேலையும் பார்க்கிறது: மேலே எவ்வளவு அமளி நடந்தாலும் எல்லாவற்றையும் கீழே விடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை துடிதுடிக்கும். அவ்வளவும் கீழே இறங்கினால் ஆள் பிழைக்க மாட்டார். ஏ.வி. கணு பெரும்பகுதியைத் தடுத்து, நூற்றுச் சொச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது.

அதனால் வாசலுக்கு மேலே பிறக்கும் வேகத் துடிப்புகள் ஆளை அலைக்கழிக்குமே தவிர, நின்ற இடத்தில் கொல்வது அரிது. இளவயதில் பலருக்கு வரும் எஸ்.வி.டி. என்ற வகை, சுவிட்சைப் போட்டதுபோல் தொடங்கி, அணைத்ததுபோல் நின்றுவிடும். அந்த நேரத்தில் உயிர் போய்விடும் போல இருக்கும், போவதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் பெரிய ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. ஒழுங்காகச் சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

வாசலுக்குக் கீழே, கீழறையிலேயே துடிப்பு பிறந்துவிட்டால் தடுக்க யாரும் இல்லை. அதற்கு வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்று பெயர், சுருக்கமாக வி.டி. 30 நொடிக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதைத் தனி வகையாகக் கணக்கில் எடுப்பார்கள். கீழறை நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடுவதால், எத்தனை முறை அடித்தாலும் வெளியே போகும் ரத்தம் குறைவு. வி.டி. இன்னும் சிதைந்தால் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், அதாவது வி.எஃப். அந்த நிலையில் இதயத்தைத் திறந்து பார்த்தவர்கள், பைக்குள் புழுக்கள் நெளிவதுபோல் இருந்தது என்பார்கள். தசை முழுவதும் அசைகிறது, ஒரு சொட்டு ரத்தமும் நகர்வதில்லை. பத்து நொடிக்குள் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். இந்தக் கட்டுரை முக்கியமாக இந்த இரண்டைப் பற்றியது.

காய்ந்த காடு, பொறி, காற்று

ஃபிலிப் குமெல் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் இந்தக் கோளாறுகளை ஒரு முக்கோணமாகப் பார்க்கச் சொன்னார். ஒரு மூலையில் இதயத் தசையின் நிலை. இன்னொரு மூலையில் கோளாறைத் தொடங்கிவைக்கும் தூண்டுதல். மூன்றாவதில் நரம்பு மண்டலமும் உடம்பின் அப்போதைய சூழலும். காட்டுத்தீயை வைத்து யோசித்தால் எளிதாகப் புரியும். காடு காய்ந்திருக்க வேண்டும், பொறி விழ வேண்டும், காற்று அடிக்க வேண்டும். பச்சைக் காட்டில் நூறு பொறி விழுந்தாலும் அணைந்துபோகும். காய்ந்த காட்டுக்கு ஒன்று போதும்.

ஆபத்துக் காரணி என்று எதைச் சொன்னாலும் அது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். தழும்பு விழுந்த தசை, தடித்த தசை, பிறவியிலேயே மின் கோளாறு ஆகியவை காடு. இடையில் துள்ளும் கூடுதல் துடிப்பு பொறி. பொட்டாசியம் குறைவது, காய்ச்சல், சில மாத்திரைகள், கடும் உழைப்பு, திடீர் அதிர்ச்சி எல்லாம் காற்று. பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் பொறியை நினைத்தே பயப்படுகிறார்கள். மருத்துவர் முதலில் தேடுவது காட்டை.

தழும்பு

வயதானவர்களில் வி.டி. வருவதற்கு முதல் காரணம் பழைய மாரடைப்பு. ரத்தக்குழாய் அடைபட்டுத் தசையின் ஒரு பகுதி செத்துப்போகிறது. அந்த இடத்தில் சில வாரங்களில் வெள்ளையான, விறைப்பான தழும்பு உருவாகிறது. தழும்பில் மின்சாரம் ஓடாது. முழுக்கத் தழும்பாகவே இருந்துவிட்டால் பெரிய தொல்லை இல்லை. அலை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் தழும்புக்கு நடுவே அங்கங்கே சில தசை இழைகள் சாகாமல் தப்பித்திருக்கும். குறுகலான சந்துபோல ஒரு வழி. அலை அதற்குள் நுழைந்தால் மிக மெதுவாக ஊர்ந்து மறுமுனையில் வெளிவரும். அதற்குள் வெளியே உள்ள நல்ல தசை அடுத்த சுற்றுக்குத் தயாராகி நிற்கும். அலை அதைத் தூண்டிவிட்டு, சுற்றி வந்து, மறுபடியும் அதே சந்துக்குள் நுழையும். ரவுண்டானாவுக்குள் புகுந்த வண்டி வெளியே போக வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதுபோல. ஒவ்வொரு சுற்றும் ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 160 சுற்று, 180 சுற்று. சைனஸ் கணு மேலே தன் பாட்டுக்கு 70 என்று அடித்துக்கொண்டிருக்கும். கேட்க ஆள் இருக்காது.

தழும்பு எவ்வளவு பெரியது என்பதை மறைமுகமாகச் சொல்லும் எண் ஒன்று எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) ரிப்போர்ட்டில் இருக்கும்: இ.எஃப். நிரம்பிய இடது கீழறையிலிருந்து ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தம் வெளியேறுகிறது என்பதே அது. நல்ல இதயத்துக்கும் இது 100 இல்லை. 55 முதல் 70 வரை. "எனக்கு 60 சதவீதம்தான் வேலை செய்கிறதாம்" என்று கலங்கிப்போய் வருபவர்கள் உண்டு. 60 என்பது நல்ல மதிப்பெண். 35 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் தீவிரமான பேச்சு தொடங்கும். மாரடைப்பு மட்டுமல்ல, எந்தக் காரணத்தால் இதயம் பலவீனப்பட்டு இந்த எண் விழுந்தாலும் திடீர் மரண ஆபத்து கூடுகிறது. தசை அழற்சி, நீண்டகாலக் குடி, சில புற்றுநோய் மருந்துகள், தென்னமெரிக்காவில் பூச்சிக்கடியால் பரவும் சாகஸ் நோய் என்று வழிகள் பல.

அந்தப் பேச்சு பெரும்பாலும் ஐ.சி.டி. என்ற கருவியைப் பற்றியதாக இருக்கும். தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் சிறு பெட்டி. துடிப்பைச் சதா கவனித்துக்கொண்டிருந்து, வி.டி. அல்லது வி.எஃப். வந்தால் தானாகவே மின் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். இதற்கு வித்திட்டவர் மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற இதய மருத்துவர். அவருடைய மூத்த மருத்துவர் ஒருவர் மீண்டும் மீண்டும் வி.டி. வந்து 1960களில் இறந்துபோனார். ஆஸ்பத்திரியை விட்டு நகராமல் கிடந்தால்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை அன்று. காப்பாற்றும் கருவியை ஆளுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி கேட்டார். பலர் கேலி செய்தார்கள். 1980இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார்கள்.

மாரடைப்பு வந்த மறுநாளே இ.எஃப். 30 என்று வந்தால் உடனே ஐ.சி.டி. வைத்துவிட மாட்டார்கள். மயங்கிக் கிடக்கும் தசை சில வாரங்களில் விழித்துக்கொள்ளலாம். அதனால் குறைந்தது 40 நாள் காத்திருந்து, மாத்திரைகளை முழு அளவில் கொடுத்துப் பார்த்து, மறுபடி எக்கோ எடுத்தே முடிவு செய்வார்கள்.

பொறியை அணைக்கப் போய்

மாரடைப்பு வந்தவர்களுக்கு அடிக்கடி கூடுதல் துடிப்பு வந்தால் அவர்கள் சீக்கிரம் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது 1980களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்படியானால் கூடுதல் துடிப்பை மாத்திரையால் அடக்கிவிட்டால் உயிர் பிழைக்குமே? யாருக்கும் நியாயமாகத் தோன்றும் யோசனை. என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கின. ஈசிஜி சுத்தமாகிவிட்டது, மருத்துவர்களுக்குத் திருப்தி. காஸ்ட் என்ற ஆய்வு இதை முறைப்படி சோதித்தது. 1989இல் இந்த மருந்துகளை அவசரமாக நிறுத்த வேண்டிவந்தது. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

என்ன நடந்தது? மருந்து பொறியை அணைத்தது. ஆனால் தழும்புச் சந்துக்குள் அலையை இன்னும் மெதுவாக்கி, சுழல் ஓடுவதற்கு வாகான பாதையையும் போட்டுக்கொடுத்தது. என்னைக் கேட்டால், இதயத் துடிப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான். நல்ல இதயத்தில் வரும் கூடுதல் துடிப்பு, "ஒரு துடிப்பு தவறி நெஞ்சு குதித்தது" என்று பலர் சொல்வது, பெரும்பாலும் தொந்தரவே தவிர ஆபத்து இல்லை. மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் அதுவே ஆக்கிரமித்தால் மட்டும் காலப்போக்கில் தசை தளரலாம். அப்போது கவனிக்க வேண்டும்.

பிறப்பிலேயே வருபவை

35 வயதுக்குக் கீழே கதை வேறு. இவர்களிடம் மாரடைப்புத் தழும்பு அரிது. மரபணு வழியாக வந்த கோளாறுகள்தான் முன்னே நிற்கின்றன.

அவற்றில் பரவலானது, இதயச் சுவர் காரணமின்றித் தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமையோபதி. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலர் கடைசிவரை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். சுவர் 30 மில்லிமீட்டரைத் தொட்டால், அல்லது காரணம் தெரியாத மயக்கம் இருந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் ஆபத்து கூடுகிறது. கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 ஜூன் 26 அன்று லியோனில் ஆட்டத்தின் நடுவே, பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் சரிந்து விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இந்தத் தடிப்பு தெரிந்தது.

இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டில் இறங்குபவர்களுக்கு ஈசிஜியோடு கூடிய பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் அடுத்த இருபது சொச்சம் ஆண்டுகளில் இளம் வீரர்களின் திடீர் மரணம் 89 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொன்னது. ஆனாலும் எல்லா நாடுகளும் இதைப் பின்பற்றவில்லை. கடும் பயிற்சி செய்யும் நல்ல இதயமே சற்றுத் தடித்துத்தான் இருக்கும், அதன் ஈசிஜியும் கொஞ்சம் விசித்திரமாகத்தான் வரும். வீண் பயத்தில் எத்தனை பேரை மைதானத்திலிருந்து இறக்குவது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

இன்னொரு கூட்டம், தசை பார்ப்பதற்கு முற்றிலும் சரியாக இருந்து, மின்சாரம் மட்டும் கெட்டிருப்பவர்கள். எக்கோவில் எதுவும் தெரியாது. லாங் க்யூடி என்ற கோளாறு இதில் பெயர்பெற்றது. சுமார் 2000 பேரில் ஒருவருக்கு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறை மின்னளவில் தன்னை மறுபடி தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு அந்தத் தயாரிப்பு இழுத்துக்கொண்டே போகும். அது முடிவதற்குள் ஒரு பொறி விழுந்தால் துடிப்பு முறுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும். ஈசிஜியில் அந்த அலைகள் ஒரு கோட்டைச் சுற்றி ரிப்பனை முறுக்கியதுபோல் மேலும் கீழும் திரும்பும். டெசெர்ட்டென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1966இல் அதற்கு டோர்சாட் டி பாயிண்ட் என்று பெயர் வைத்தார்; முனைகளின் முறுக்கல் என்று அர்த்தம்.

லாங் க்யூடியின் உள்வகைகளைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதல் வகைக்காரர்களுக்கு ஓட்டமும் குறிப்பாக நீச்சலும் ஆபத்து. இரண்டாம் வகைக்குத் திடீர்ச் சத்தம்: அலாரம் அடிக்கும், தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து உட்காருவார், அப்படியே சாய்ந்துவிடுவார். மூன்றாம் வகைக்கு எதுவும் நடக்காத நேரம், அதாவது உறக்கமே ஆபத்து. ஒரே பெயருள்ள நோய். காற்று அடிக்கும் திசை மூன்று. சிபிவிடி என்ற இன்னொரு கோளாறில் ஓய்வு ஈசிஜிகூடச் சுத்தமாக இருக்கும்; சிறுவன் ஓடும்போதோ கோபத்தில் அழும்போதோ மயங்கி விழுவான். டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் பிடிபடும்.

புருகாடா நோயை 1992இல் பெட்ரோ, யோசெப் என்ற புருகாடா சகோதரர்கள் விவரித்தார்கள். ஆபத்துக்கு உள்ளாவோர் பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில். தென்கிழக்கு ஆசியாவில் திடகாத்திரமான ஆண்கள் உறக்கத்திலேயே இறந்துபோவதற்குத் தலைமுறை தலைமுறையாகத் தனிப்பெயரே உண்டு. பிலிப்பைன்ஸில் பங்குங்குட், தாய்லாந்தில் லை தாய். அவற்றில் பலவற்றுக்கு இதுவே காரணம் என்று பிறகு புரிந்தது. இவர்களுக்குக் காய்ச்சலே எதிரி. உடம்பு சுட்டால் காத்திருக்காமல் காய்ச்சலைக் குறைக்கச் சொல்வார்கள்.

வுல்ஃப், பார்க்கின்சன், வைட் ஆகிய மூவர் 1930இல் விவரித்த கோளாறையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இதில் ஏ.வி. கணு தவிர, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கள்ள வாசல் பிறவியிலேயே இருக்கும். சாதாரண நாளில் தொல்லை குறைவு. மேலறையில் ஃபிப்ரிலேஷன் வந்துவிட்டால் அந்த வாசலில் காவல் கிடையாது.

மாத்திரையும் உப்பும்

பிறவியில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் லாங் க்யூடியை வரவழைக்க முடியும். இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் ஒரு நுண்துளையைச் சில மருந்துகள் அடைத்துவிடுகின்றன. எதற்காகச் சாப்பிடுகிறோமோ அதற்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அசித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், ஃபுளுகொனசோல் என்ற பூஞ்சை மருந்து, வாந்திக்குக் கொடுக்கும் ஓண்டன்செட்ரான், டோம்பெரிடோன், மனநலத்துக்கான ஹாலோபெரிடால், வலிக்கும் போதை மீட்புக்கும் தரும் மெத்தடோன், மலேரியாவுக்கான குளோரோகுயின். துடிப்பைச் சீராக்கத் தரும் சோட்டலாலும் இதே காரியத்தைச் செய்யும்.

இவற்றைக் கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒன்றோடொன்று சேரும்போதுதான் சிக்கல். டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மருந்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. கல்லீரல் அதை உடனுக்குடன் உடைத்துவிடும்வரை தொல்லை இல்லை. கூடவே எரித்ரோமைசினோ கீட்டோகொனசோலோ சாப்பிட்டால் கல்லீரலின் கை கட்டப்படும். உடையாத மருந்து ரத்தத்தில் குவிந்து இதயத்துக்குப் போகும். கிரேப்ஃப்ரூட் பழச்சாறுகூட அதே வேலையைச் செய்தது. தும்மலுக்குச் சாப்பிட்ட மாத்திரையால் சிலர் உயிரிழந்த பிறகு, 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது போனது.

ஈசிஜி தாளை உற்றுப் பார்த்தால் இதை நீங்களே கண்ணால் காணலாம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும். ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. கூரான பெரிய முனை எழத் தொடங்கும் இடத்திலிருந்து, அதற்குப் பின்னால் வரும் மேடு தரையைத் தொடும் இடம்வரை உள்ள தூரம்தான் க்யூடி. நிமிடத்துக்கு 60 துடிப்பு இருக்கும்போது அது இரண்டு பெரிய கட்டத்தைச் சற்றே தாண்டும். இரண்டரைப் பெரிய கட்டத்தை எட்டினால் 500 மில்லிநொடி. அங்கே மருத்துவரின் புருவம் உயரும். துடிப்பின் வேகத்துக்கு ஏற்ப இதைத் திருத்திக் கணக்கிட வேண்டும் என்பதால் வீட்டில் அளந்து முடிவு கட்ட வேண்டாம். பெண்களுக்கு இந்த இடைவெளி இயல்பாகவே சற்று நீளம். மருந்தால் வரும் டோர்சாட் அவர்களுக்கு அதிகமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மொத்தத் திடீர் இதய மரணங்களில் ஆண்களே அதிகம் என்பது தனிக்கதை.

மருந்தோடு கைகோத்து வருவது ரத்த உப்பு. பொட்டாசியம் லிட்டருக்கு 3.5க்கும் 5 மில்லிமோலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். விடாத வாந்தி பேதி, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, பட்டினி, எடை குறைக்கப் பேதி மருந்தை வாரிச் சாப்பிடுவது ஆகியவற்றால் அது இறங்கும். மக்னீசியமும் கூடவே இறங்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எதிர்த்திசையில் போகும்; பொட்டாசியம் ஏறினாலும் இதயம் நிற்கலாம். ஏற்கெனவே இதய மாத்திரை சாப்பிடுகிற ஒருவர், நான்கு நாள் பேதிக்குப் பிறகு, ஒரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து விழுங்குகிறார் என்று வையுங்கள். தனித்தனியே பார்த்தால் மூன்றும் சில்லறை விஷயங்கள்.

வீண்பழி சுமப்பவை

காபிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற நம்பிக்கை பலமானது. வழக்கமான அளவில் குடிக்கும் காபிக்கும் கீழறையில் பிறக்கும் ஆபத்தான துடிப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. குடித்தால் படபடப்பு வருகிறது என்று உணர்கிறவர் குறைத்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான். கட்டுக்கட்டாக எனர்ஜி டிரிங்க் குடிப்பது வேறு. அதைக் காபிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மது அப்படித் தப்பிக்க முடியாது. ஓர் இரவு அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு மறுநாள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு வருபவர்களை எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1978இல் விவரித்து, விடுமுறை இதயம் என்று பெயரிட்டார்கள். பல ஆண்டுக் குடி தசையையே தளர்த்திவிடும். கொக்கெய்ன், ஆம்ஃபிடமின் இரண்டும் ஒரே நேரத்தில் காற்றாகவும் பொறியாகவும் வேலை செய்யும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்க நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, அதிக எடை எல்லாம் நேரடியாகக் குதிக்க மாட்டா. ஆண்டுக்கணக்கில் இருந்து காட்டைக் காயவைப்பவை.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசை அழற்சி வந்தவர்களிடம் மருத்துவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் விளையாடாதே என்பார்கள். இருபது வயதுக்காரருக்கு அது தண்டனைபோலத் தோன்றும். அழற்சி ஆறாத தசையில் கடும் ஓட்டம் என்பது, காடு காய்ந்திருக்கும்போதே காற்றையும் கூட்டுவது.

எந்த மயக்கம் சாதாரணமானது இல்லை

ரத்தம் எடுக்கும் ஊசியைப் பார்த்தோ, வெயிலில் நீண்ட நேரம் நின்றோ மயங்கி விழுபவர்கள் ஏராளம். விழுவதற்கு முன் குமட்டும், வியர்க்கும், காது அடைக்கும். அது பெரும்பாலும் நரம்பின் வேலை. கவலைப்பட வேண்டியது, ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும் மயக்கம். ஓட்டம் முடிந்து நின்ற பிறகு வருவதைவிட இது பல மடங்கு சந்தேகத்துக்குரியது. படுத்திருக்கும்போது வருவது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மரம்போல் சாய்ந்து முகத்தில் அடிபடுவது, படபடப்பு வந்த கையோடு நினைவு போவது ஆகியவையும் அப்படியே.

வி.டி. வந்து மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் கைகால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்புதான். லாங் க்யூடி உள்ள சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டு, அது கேட்காமல், யாரோ ஒருவர் ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகு உண்மை தெரிந்த சம்பவங்கள் மருத்துவ உலகில் பழகிப்போனவை. முதல் வலிப்புக்கு ஒரு ஈசிஜி என்பது சில நிமிட வேலை.

குடும்பக் கதையை விசாரிக்கும்போது "யாருக்காவது இதய நோய் உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது, எல்லோரும் தாத்தாவின் மாரடைப்பைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த யாராவது தண்ணீரில் மூழ்கி இறந்தார்களா, வெற்றுச் சாலையில் காரணமில்லாமல் வண்டியைக் கொண்டுபோய் மோதியவர் உண்டா, தூக்கத்தில் போனவர் உண்டா, தொட்டிலில் இறந்த குழந்தை உண்டா, பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அடிக்கடி மயக்கம் வந்ததா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு: செவித்திறன் குறையும் நீண்ட க்யூடியும் சேர்ந்து வரும் ஒரு பரம்பரை நோயை 1957இல் ஜெர்வெல், லாங்கெ நீல்சன் என்ற இருவர் விவரித்தார்கள். ஒருவருக்கு மரபுக் கோளாறு உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் மீறி யாராவது கண்முன்னே சரிந்து விழுந்து, தட்டினாலும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லையென்றால் காரணம் தேட அது நேரமில்லை. இடைவெளி விட்டு விட்டுத் திணறலாக வரும் மூச்சை மூச்சென்று கணக்கில் எடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். ஏ.இ.டி. என்ற, துடிப்பைத் தானே பார்த்து மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருந்தால் உடனே நெஞ்சில் ஒட்ட வேண்டும்; தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்தார். அங்கேயே நெஞ்சை அழுத்தி, அங்கேயே அதிர்ச்சி கொடுத்தார்கள். ஐ.சி.டி. பொருத்திக்கொண்டு அடுத்த ஆண்டு மறுபடி ஆட வந்தார்.

பெரும்பாலானோருக்குக் கதை இவ்வளவு தூரம் போகாது. படபடப்பு என்று மருத்துவரிடம் போவார்கள். போய்ச் சேர்வதற்குள் அது நின்றிருக்கும். ஈசிஜி சுத்தமாக வரும். துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டினால் அன்றைக்கென்று ஒன்றும் வராது. அதனால் படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த ஒரேயொரு ஈசிஜி, பிறகு எடுக்கும் பத்துப் பரிசோதனைகளுக்குச் சமம். வந்தால் பக்கத்தில் எங்கே ஈசிஜி இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள். அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது, அந்த வாரம் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை எழுதி வையுங்கள். கிடைத்த ஈசிஜி தாளைக் கேட்டு வாங்கி, அன்றைக்கே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். பீரோவில் வைத்திருந்தால் இரண்டொரு வருடத்தில் கோடுகள் வெளுத்து, கட்டங்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.